தாயைத் தெய்வமாக்கியது போதும்!



ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் பிறந்தால் நம் தமிழ்ப்பள்ளிகளில் ஒரு கட்டுரை தவறாமல் எழுதப்படுகிறது. தலைப்பு ‘என் அம்மா’. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நானும் அந்தத் தலைப்பைக் கொடுத்து வந்தவன்தான். முப்பது கட்டுரைகளைத் திருத்தினால் முப்பதிலும் ஒரே அம்மாதான் இருப்பார். அவர் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுவார். எல்லாரும் உண்ட பிறகே உண்பார். காய்ச்சல் கண்டாலும் சமைப்பார். தமக்கென்று எதையும் கேட்கமாட்டார். தம்மை உருக்கிப் பிறருக்கு ஒளிதரும் மெழுகுவர்த்தியாக வாழ்வார். கடைசிப் பத்தியில் தெய்வமாகிவிடுவார். நாமும் ‘மிக நன்று’ என்று எழுதி ஒரு நட்சத்திரத்தை ஒட்டிக் கொடுப்போம்.

ஈராண்டுகளுக்கு முன்னர் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் கட்டுரை அந்த வார்ப்பில் அமையவில்லை. அவள் பெயரையும் ஊரையும் இங்கே எழுதப்போவதில்லை. எழுதியது ஏறக்குறைய இதுதான்:

“என் அம்மா தம்பி பிறந்ததிலிருந்து அழுகிறார். பாட்டி திட்டினால் அழுகிறார். திட்டாவிட்டாலும் அழுகிறார். இரவில் தூங்குவதில்லை. தம்பி கத்தினால் சில நேரம் தூக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் நல்ல பிள்ளையாக இருந்தால் அம்மா சரியாகிவிடுவார்.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? ‘அழுகிறார்’ என்ற சொல் மூன்று முறை வந்ததால் ‘கூறியது கூறல்’ என்று ஓரத்தில் குறித்தேன். அடியில் சிவப்பு மையால், ‘தலைப்பையொட்டி எழுதவும். தாயின் பெருமை எங்கே?’ என்று எழுதிக் கொடுத்தேன். இதை எழுதும்பொழுது இன்றும் என் கை கூசுகிறது.

அடுத்த மாதம் அவள் வாரத்திற்கு இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. காரணம் கேட்டேன். “அம்மா தம்பியோட தனியா இருக்கக் கூடாதுன்னு பாட்டி சொன்னாங்க, சார். பாட்டி வேலைக்குப் போற நாள்ல நான் வீட்டுல இருக்கணும்,” என்றாள். பத்து வயதுச் சிறுமியை அந்த வீடு காவலுக்கு வைத்திருந்தது! எனக்குப் பக்கத்து மேசையில் அமரும் ஆசிரியை அந்தக் கட்டுரையை வாங்கிப் படித்தார். அவர் இரண்டு பிள்ளைகளைப் பெற்றவர். படித்து முடித்துவிட்டு, “சார், இதைப் போயா திருத்தினீர்கள்?” என்று மட்டும் கேட்டார்.

அன்று முதல் என் மனத்தில் ஊறிய ஒரு கருத்தைத்தான் இன்று எழுதுகிறேன். சிலருக்குக் கசக்கலாம். பிள்ளை பெற்ற பெண்ணின் வாயை அடைக்கும் முதல் பூட்டு, தாயைத் தெய்வமென்று போற்றும் நம் பேச்சுதான். தெய்வத்திற்குத் தூக்கம் வேண்டாம், தெய்வம் சோர்வடையாது, தெய்வத்திற்குத் தன் பிள்ளை மீது வெறுப்பு வராது. அப்படியானால் சோர்ந்துபோன தாய், அழுகின்ற தாய், பிள்ளையைப் பார்த்தால் அச்சம் கொள்கின்ற தாய் யார்? நாம் எழுதிக் கொடுத்த கட்டுரையில் அவளுக்கு இடமே இல்லை. ஆகவே அவள் தன்னைக் குற்றவாளி என்று முடிவு செய்துகொண்டு வாய் திறவாமல் இருக்கிறாள்.

சோம்பலன்று, திமிரன்று, நோய்!

மகப்பேற்றுக்குப் பிறகு வரும் மனநிலை மாற்றங்களை மருத்துவம் மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. இந்த மூன்றையும் ஒவ்வொரு கணவரும் மாமியாரும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, பிள்ளை பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளில் வரும் கலக்கம். நச்சுக்கொடி வெளியேறியவுடன் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்டிரோன் என்னும் இயக்குநீர்களின் அளவு உடலில் சடுதியில் இறங்குகிறது. காரணமில்லாமல் அழுகை வரும், எரிச்சல் வரும், அடுத்த நொடி சிரிப்பு வரும். பிள்ளை பெற்ற பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இது வருகிறது. ஓய்வும் ஆதரவும் கிடைத்தால் இரண்டு வாரத்திற்குள் தானாகவே அடங்கிவிடும்.

இரண்டாவது, மகப்பேற்றுக்குப் பின்னான மனச்சோர்வு. இரண்டு வாரம் கடந்தும் துயரம் நீங்காது. எதிலும் நாட்டம் இராது. பிள்ளை தூங்கினாலும் தாய்க்குத் தூக்கம் வராது. பசி கெடும். ‘நான் நல்ல தாயில்லை’ என்ற எண்ணம் மனத்தை அரிக்கும். பிள்ளையோடு ஒட்டுதல் இராது. அல்லது பிள்ளைக்கு ஏதோ ஆகிவிடும் என்ற அச்சம் ஓயாமல் விரட்டும். சிலருக்குக் கருவுற்றிருக்கும்பொழுதே தொடங்கிவிடுகிறது. சிலருக்குப் பிள்ளை பிறந்து பல மாதங்கள் சென்று, எல்லாரும் ‘இனிக் கவலையில்லை’ என்று கலைந்துபோன பிறகு வருகிறது.

மூன்றாவது, பேற்றுக்குப் பின்னான சித்தப்பிரமை. ஆயிரம் பேறுகளில் ஒன்றிரண்டில் இது நேர்கிறது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்திற்குள்ளேயே வருகிறது. இல்லாத குரல் கேட்கும். இல்லாத உருவம் தெரியும். பேச்சு தடம் மாறும். நாள் கணக்கில் தூக்கமே இராது. பிள்ளையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள் தோன்றும். இதற்குத் திருநீறு பூசிக்கொண்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்ல வேண்டும். தாயின் உயிரும் பிள்ளையின் உயிரும் அந்த ஓர் இரவில் தொங்குகின்றன.

எத்தனை பேருக்கு மனச்சோர்வு வருகிறது? உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெற்ற பெண்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு ஏற்படுகிறது. அதில் பெரும்பகுதி மனச்சோர்வுதான். வளரும் நாடுகளில் அது 19.8 விழுக்காடு என்று அதே நிறுவனம் கூறுகிறது. ஒரு பள்ளியில் பிள்ளை பெற்ற ஆசிரியைகள் எட்டுப் பேர் இருந்தால் அவர்களில் ஒருவராவது இந்தப் பாதையைக் கடந்திருக்கக் கூடும். அவர் யாரென்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. ஏன் தெரியாது என்பதுதான் என் கேள்வி.

‘அந்தக் காலத்தில் இதெல்லாம் இருந்ததா?’

இந்தப் பேச்சை எடுத்தாலே நம் வீடுகளில் எழும் முதல் மறுப்பு இது. “நாங்க பத்துப் பிள்ளைய பெத்தோம். மறு மாசமே பால்மரம் வெட்டப் போனோம். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குத்தான் எல்லா நோயும் வருது!”

பாட்டிமார்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் இந்த நோய் இல்லை என்பது உண்மையன்று. பெயர்தான் வேறு. ‘பிரசவ ஜன்னி’ என்றார்கள். ‘காத்துக் கருப்பு அடித்துவிட்டது’ என்றார்கள். ‘பச்சை உடம்புக்காரியைத் தனியே விடாதே’ என்றார்கள். நம் அண்டை வீட்டு மலாய்க்காரர்கள் ‘மெரோயான்’ என்று இதற்கென்றே ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள். இல்லாத நோய்க்கு யாராவது பெயர் வைப்பார்களா?

நம் நாட்டுச் சட்டத்திற்கும் இது தெரியும். தண்டனைச் சட்டத்தின் 309ஏ பிரிவு, பிள்ளைப்பேற்றின் பாதிப்பிலிருந்து முழுமையாக மீளாமல் மனநிலை பிறழ்ந்த ஒரு தாய் தன் பச்சிளங்குழந்தையின் இறப்புக்குக் காரணமானால், அதனைக் கொலையிலிருந்து வேறுபட்ட தனிக் குற்றமாக வைத்துள்ளது. குழந்தை மாண்டு, தாய் கூண்டில் நின்ற பிறகு, ‘பேற்றினால் மனம் பிறழ்ந்திருக்கலாம்’ என்று சட்டம் ஒத்துக்கொள்கிறது. அதற்கு முன்னர், அவள் சமையலறையில் நின்று அழுதபொழுது, வீடு ஒத்துக்கொள்ளவில்லை!

இன்னொரு செய்தி. நம் மூதாதையரில் பெரும்பாலோர் கப்பலேறிப் புறப்பட்ட தமிழ்நாட்டிலேயே, கிராமப்புறத் தாய்மாரிடம் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2002இல் பிரித்தானிய மனநோயியல் ஆய்விதழில் வெளிவந்தது. பிள்ளை பெற்ற பெண்களில் 11 விழுக்காட்டினருக்குப் புதிதாக மனச்சோர்வு ஏற்பட்டிருந்தது. எவற்றோடு சேர்ந்து வந்தது தெரியுமா? குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிள்ளை பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கருவுற்ற காலத்தில் நேர்ந்த துன்பங்கள், கைவேலைக்கு உதவியாளர் இல்லாமை. இந்தப் பட்டியலில் நம் வீட்டு வரவேற்பறையில் இல்லாத ஏதாவது ஒன்று இருக்கிறதா? ‘பணக்காரப் பட்டணத்து நோய்’ என்று இனிச் சொல்லாதீர்கள்.

பாட்டிமார் காலத்தில் இருந்து இன்று இல்லாமற் போனது ஒன்று உண்டு. அதுதான் ஆள்துணை. தோட்டத்து லயத்தில் சுவருக்கு அப்பால் ஒரு குடும்பம் இருந்தது. மருத்துவச்சி வந்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆயாக் கொட்டகை இருந்தது. அந்த வாழ்க்கையில் வறுமையும் கொடுமையும் இருந்தன. அதைப் பொற்காலம் என்று பாட நான் வரவில்லை. ஆனால் பச்சை உடம்புக்காரி பகல் முழுதும் தனியே இருந்ததில்லை. இன்று தோட்டம் போய்த் தாமான் வீடு வந்துவிட்டது, அடுக்குமாடி வந்துவிட்டது. கணவர் காலை ஆறு மணிக்கு வெளியேறினால் இரவு எட்டுக்குத் திரும்புகிறார். பதினான்கு மணி நேரம் ஒரு தாயும் ஒரு சிசுவும் பூட்டிய இரும்புக் கதவுக்குப் பின்னால்! ‘நாங்கள் தாங்கினோம், நீ ஏன் தாங்கவில்லை?’ என்று கேட்கும் முன், நீங்கள் எத்தனை கைகளோடு தாங்கினீர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

பத்தியம் யாருக்காக?

பத்தியத்தை ஒரேயடியாகப் பழிப்பவன் அல்லன் நான். முப்பது நாளோ நாற்பது நாளோ பெண்ணை அடுப்படியிலிருந்து விடுவித்து, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, பூண்டும் சுறாப்புட்டும் நாட்டுக்கோழிச் சாறும் கொடுத்துப் படுக்க வைத்தது நம் முன்னோரின் பேரறிவு. மலாய்க்காரர்களின் ‘பந்தாங்’, சீனர்களின் ஒரு மாத ஓய்வு எல்லாம் அதே அறிவுதான். பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்று சொன்ன சமுதாயம் அது.

ஆனால் இன்று நடப்பது என்ன? ஓய்வு போய்விட்டது, தடை மட்டும் எஞ்சியிருக்கிறது. பத்தாம் நாளே துணி துவைக்கிறாள். ஆனால் தண்ணீர் குடிக்கக் கூடாது! மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். ஆனால் பழம் தின்னக் கூடாது, கீரை தின்னக் கூடாது! பாலூட்டும் பெண்ணுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தண்ணீர் வேண்டும். அதை மறுத்தால் மலச்சிக்கலும் தலைச்சுற்றலும் வரும். சில வீடுகளில் ‘உடம்புச் சூட்டுக்கு’ என்று பிராந்தி கொடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. மது தாய்ப்பாலில் கலந்து பிள்ளைக்குப் போகும் என்பதை எந்தப் பாட்டிக்கும் எடுத்துச் சொல்லத் தயங்காதீர்கள்.

பிள்ளை பெற்ற பெண் தன் உடம்பைப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன? பெரிய செலவு ஒன்றுமில்லை. முதலில், தூக்கம். இரவில் ஒரு முறையாவது நான்கைந்து மணி நேரம் தொடர்ந்து தூங்க வேண்டும். அதற்கு இன்னொருவர் விழித்திருக்க வேண்டும். ‘பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கு’ என்று அறிவுரை சொல்லிவிட்டுத் துவைக்காத துணியை அவள் கண்ணெதிரே குவித்து வைப்பதில் பயனில்லை.

அடுத்து, இரத்தம். பேற்றின்போது இரத்தம் இழந்த பெண்ணுக்கு இரத்தசோகை இருந்தால் சோர்வும் மூச்சிரைப்பும் வரும், மனமும் தளரும். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை அலமாரியில் வைப்பதற்கன்று. தேநீரோடு விழுங்கினால் அந்தச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. சில பெண்களுக்குப் பேற்றுக்குப் பிறகு கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி கெடுகிறது. அதன் அறிகுறிகள் மனச்சோர்வைப் போலவே இருக்கும். எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கருவுற்ற காலத்தில் இனிப்புநீர் இருந்தவர்கள், பிள்ளை பிறந்து ஆறு வாரம் கழித்து மீண்டும் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நீரிழிவு மலிந்த நம் சமுதாயத்தில் இதைத் தவறவிடுவது பேதைமை.

இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது என்பதை எத்தனை பெண்கள் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள்! இடுப்பின் அடித்தசைகளை இறுக்கித் தளர்த்தும் எளிய பயிற்சியால் பெரும்பாலோருக்குக் குணம் கிடைக்கிறது. கேட்டால் மருத்துவமனையில் சொல்லிக்கொடுப்பார்கள். கேட்க வேண்டுமே!

அரசாங்கக் கிளினிக்கிலிருந்து மிஸ்ஸி வீடு தேடி வருகிறார். உலகில் எத்தனையோ நாடுகளில் இல்லாத வசதி இது. அவர் வரும்பொழுது என்ன நடக்கிறது? பிள்ளையின் எடை, மஞ்சள் காமாலை, தொப்புள்கொடி, தாயின் தையல் எல்லாம் பார்க்கிறார். “வேறு ஏதாவது இருக்கா?” என்று கேட்கிறார். பதில் சொல்வது யார்? மாமியார். “எல்லாம் நல்லா இருக்கு, மிஸ்ஸி!” தாய் தலையை ஆட்டுகிறாள். பெரியவர்களே, அந்தப் பத்து நிமிடம் அந்தப் பெண்ணைச் செவிலியரோடு தனியே விடுங்கள். தேநீர் போடுகிற சாக்கில் எழுந்து போங்கள். அது ஓர் உயிரைக் காக்கக் கூடும்.

கேள்வி கேட்பதற்கு ஒரு கருவியும் இருக்கிறது. 1987இல் வெளிவந்த ‘எடின்பரோ மனச்சோர்வு அளவுகோல்’ பத்தே கேள்விகள் கொண்டது. கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றித் தன்னையே நொந்துகொண்டாளா, அச்சம் வந்ததா, அழுதாளா, தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றியதா என்பன போன்றவை. ஐந்து நிமிடத்தில் விடையளித்துவிடலாம். மொத்தப் புள்ளி 30. 10ஐ எட்டினாலே கவனிக்க வேண்டும். 13ஐ எட்டினால் மருத்துவரைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்றால் மொத்தப் புள்ளியைப் பாராமல் அன்றே பார்க்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பரிந்துரைகளிலும் பேற்றுக்குப் பின் மனச்சோர்வையும் பதற்றத்தையும் கண்டறியும் சோதனை இடம்பெற்றுள்ளது.

நோய் தெரிந்தால் மருந்து உண்டு. இலேசான நிலையில் உளவியல் ஆலோசனையே போதும். கடுமையான நிலையில் மாத்திரை வேண்டும். ‘மாத்திரை சாப்பிட்டால் பால் கொடுக்க முடியாது’ என்று அஞ்சிப் பலர் மருந்தைத் தொடுவதில்லை. பாலூட்டும் தாய்மாருக்கும் கொடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். பக்கத்து வீட்டு அக்கா அல்லர்.

‘பிள்ளைக்காகவாவது...’

இந்தச் சொற்றொடரை நான் வெறுக்கிறேன். “பிள்ளைக்காகவாவது சாப்பிடு. பிள்ளைக்காகவாவது அழாதே. பிள்ளைக்காகவாவது உடம்பைப் பார்த்துக்கொள்.” பால் தருகிறது என்பதற்காக மாட்டுக்குப் புல் போடுகிறோம். மனைவியையும் மருமகளையும் அந்தக் கணக்கிலா வைத்திருக்கிறோம்? பிள்ளை பிறவாத முந்திய நாளில் அவளுக்குப் பசி இருந்தது, பெயர் இருந்தது, விருப்பம் இருந்தது. பிறந்த மறுநாள் அவை எங்கே போயின? அவள் நலம் பெற வேண்டியது அவளுக்காகவே. பிள்ளைக்கு வரும் நன்மை அதற்கு அடுத்தது.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் மூத்த மகன் பிறந்தபொழுது நானும் மற்றவர்களைப் போலத்தான் இருந்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் நேரே தொட்டிலுக்குப் போனார்கள், நானும் போனேன். பல ஆண்டுகள் கழித்து ஒரு நாள் என் மனைவி சொன்னார்: “பள்ளி விட்டு வந்ததும் ‘பிள்ளை பால் குடிச்சானா’ன்னு கேப்பீங்க. நான் சாப்பிட்டேனான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?” கோபமாகச் சொல்லவில்லை. வெங்காயம் நறுக்கியபடியே சொன்னார். நான் விடை சொல்லவில்லை, இருந்தால்தானே சொல்வதற்கு!

ஆண்களே, 2023 சனவரி 1 முதல் தனியார் துறையிலும் தந்தையருக்கு ஏழு நாள் சம்பளத்தோடு கூடிய விடுப்பு சட்டமாகியிருக்கிறது. அதே நாளில் தாய்மாரின் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. அந்த ஏழு நாளை எதற்குப் பயன்படுத்தினீர்கள்? தொட்டில் விழாவுக்குப் பந்தல் போடவும் விருந்தினருக்குச் சாப்பாடு சொல்லவும் செலவழித்தவர்களை நான் அறிவேன். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கத்தான் அந்த விடுப்பு!

ஆசிரியர் அறையில்...

வீட்டைக் குறை சொல்லி நாம் தப்பித்துவிட முடியாது. விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பும் ஆசிரியையை நாம் எப்படி வரவேற்கிறோம்? “நல்ல ரெஸ்ட்டா, டீச்சர்?” என்கிறோம். இத்தனை நாள் அவருடைய வகுப்புக்கு ரிலீஃப் போன கணக்கை நினைவூட்டுகிறோம். விடுப்பில் இருந்தவர்தானே என்று புறப்பாட நடவடிக்கைகளையும் விளையாட்டுப் போட்டிப் பொறுப்பையும் அவர் தலையில் கட்டுகிறோம். அவர் பால் எடுத்து வைக்க இடம் கேட்டால் பொருளறையைக் காட்டுகிறோம். அதுவும் இல்லாவிட்டால் கழிவறை. நாம் உண்ணும் உணவை எவராவது கழிவறையில் தயாரிப்பார்களா?

கண் வீங்கி வந்தால் ‘வீட்டில் சண்டை போலும்’ என்று பின்னால் பேசுகிறோம். வகுப்பில் எரிந்து விழுந்தால் ‘குணமே மாறிவிட்டது’ என்கிறோம். தாய்மையின் பெருமையை மேடையேறிப் பேசும் நாவன்மை நம்மிடம் நிறைய இருக்கிறது. நம் பக்கத்து மேசையில் இருக்கும் தாயிடம், “டீச்சர், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்,” என்று கேட்கும் பண்பு எங்கே போனது?

செய்ய வேண்டியவை

குறை கூறிவிட்டு ஓடிப்போவது எனக்குப் பிடிக்காது. ஆகவே சிலவற்றைச் சொல்கிறேன்.

1. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுதோறும் எத்தனையோ சொற்பொழிவுகளை நடத்துகின்றன. பக்கத்து அரசாங்கக் கிளினிக்கிலிருந்து ஒரு செவிலியரையோ மருத்துவரையோ அழைத்துப் பேற்றுக்குப் பின்னான உடல்நலம், மனநலம் பற்றி ஒரு மணி நேரம் பேசச் செய்யுங்கள். தந்தையரும் பாட்டிமாரும் கட்டாயம் வர வேண்டும்.

2. ஒவ்வொரு பள்ளியிலும் தாழ்ப்பாள் உள்ள ஒரு சிறு அறை, ஒரு நாற்காலி, ஒரு மின்செருகி, குளிர்பெட்டியில் ஒரு தட்டு. இவ்வளவுதான். தலைமையாசிரியர்கள் மனம் வைத்தால் ஒரே வாரத்தில் ஆகிவிடும்.

3. தம்பியோ தங்கையோ பிறந்த வீட்டிலிருந்து வரும் மாணவரை உற்றுக் கவனியுங்கள். அடிக்கடி மட்டம் போடுதல், பாடம் முடிக்காமை, வகுப்பில் தூங்குதல் ஆகியவற்றுக்குப் பிரம்பை எடுக்கும் முன் வீட்டில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

4. ‘சாக வேண்டும் போல் இருக்கிறது’ என்று ஒரு தாய் சொன்னால், ‘அப்படியெல்லாம் பேசாதே’ என்று வாயை மூடாதீர்கள். கேளுங்கள். தனியே விடாதீர்கள். தற்கொலை முயற்சி முன்பு நம் நாட்டில் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. அந்தச் சட்டப்பிரிவை நீக்க 2023இல் நாடாளுமன்றம் முடிவு செய்தது. உதவி கேட்பவர் இனி அஞ்ச வேண்டியதில்லை. சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ தொலைபேசிச் சேவை 15555. ‘தாலியான் காசே’ 15999. கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-76272929. இந்த எண்களை ஆசிரியர் அறைப் பலகையில் எழுதி வையுங்கள்.

5. இனி ‘என் அம்மா’ கட்டுரைக்கு மெழுகுவர்த்தி உவமையை நாமே எழுதிக் கொடுப்பதை நிறுத்துவோம். உருகித் தீர்வதுதான் தாய்மை என்று பத்து வயதுப் பெண் பிள்ளைக்கு மனப்பாடம் செய்விக்கிறோம். இருபது ஆண்டு கழித்து அவள் உருகித் தீரும்பொழுது, உதவி கேட்பது இழுக்கு என்று எண்ணுகிறாள். பக்கத்தில் அமர்ந்து அதே பாடத்தைப் படித்த பையன், மனைவி உருகுவதைப் பார்த்து, அதுதானே இயல்பு என்று செய்தித்தாளைப் புரட்டுகிறான். இந்தப் பாடத்தைக் கற்பித்தவர்கள் நாம்.

அந்த வீடு

அந்த மாணவியின் வீட்டுக்குப் பக்கத்து மேசை ஆசிரியையும் ஆலோசக ஆசிரியரும் போனார்கள். நான் வாசலோடு நின்றுகொண்டேன். பெண்களிடம் பேசட்டும் என்று. தந்தை லாரி ஓட்டுநர். வாரம் ஒரு முறைதான் வீட்டுக்கு வருவார். பாட்டி கெட்டவர் அல்லர். ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு அவர் அறிந்த மருந்து எலுமிச்சம்பழமும் பேத்தியின் காவலும்தான். கிளினிக்குக்குப் போகலாம் என்றதும், “பைத்தியம்னு எழுதிடுவாங்களா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் நம் சமுதாயத்தின் அச்சம் முழுவதும் இருக்கிறது.

போனார்கள். மருத்துவர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தார். ஒரே நாளில் குணமாகிவிடவில்லை, மாதங்கள் ஆயின. தந்தை, வழித்தடத்தை மாற்றிக் கேட்டுச் சம்பளத்தில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று இரவு வீட்டுக்கு வரத் தொடங்கினார். ஆண்டிறுதியில் தேர்ச்சி அறிக்கை வாங்க அந்த அம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். நலம் விசாரித்தேன். “இப்போ தூங்குறேன், சார்,” என்றார். இருபது ஆண்டுப் பணியில் எனக்குக் கிடைத்த நற்செய்திகளில் அதற்கு இணை இல்லை.

அந்தக் கட்டுரைக்கு நான் மீண்டும் புள்ளி போட்டேனா என்று கேட்பீர்கள். போடவில்லை. அந்தச் சிறுமியை அழைத்து, “உன் கட்டுரை சரியாகத்தான் இருந்தது. நான்தான் தவறாகத் திருத்திவிட்டேன். அம்மா அழுததற்கு நீ காரணமில்லை,” என்று சொன்னேன். இரண்டாவது வாக்கியத்தை அவள் பொருட்படுத்தவில்லை. மூன்றாவதைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தாள்.

இந்த ஆண்டு தலைப்பை மாற்றிவிட்டேன். ‘என் அம்மாவுக்குப் பிடித்தவை’ என்று கொடுத்தேன். என்ன நிறம் பிடிக்கும், என்ன உணவு பிடிக்கும், ஓய்வு கிடைத்தால் என்ன செய்ய ஆசை என்று எழுதச் சொன்னேன். பாதிப் பேரால் ஒரு வரிகூட எழுத இயலவில்லை. “தெரியாது, சார்,” என்றார்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டு வரும்படி அனுப்பினேன். ஒரு மாணவன் மறுநாள் வந்து சொன்னான்: “அம்மாகிட்ட கேட்டேன், சார். ரொம்ப நேரம் யோசிச்சாங்க. அப்புறம், ‘யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லடா’ன்னு சொன்னாங்க.”

பெற்றோர்களே, ஆசிரியர்களே, தாய்க்குக் கோயில் கட்ட வேண்டாம். இன்றிரவு வீட்டில் அவரிடம், “நீ எப்படி இருக்கிறாய்?” என்று கேளுங்கள். விடை வரும்வரை எழுந்து போகாதீர்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.